உடலற்ற முயல் வாலபி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவின் அழிந்துபோன விலங்குகள் பற்றிய கட்டுரையில், சிறிய கங்காரு வகையான மத்திய முயல் வாலபிக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மண்டையோடு என்று எழுதியிருந்தீர்கள். ஒற்றை மண்டையோட்டை வைத்துத் தனி இனம் என்று எப்படிச் சொல்ல முடியும்? இணையத்தில் அதன் படங்கள் கிடைக்கின்றனவே, அவை எப்படி வந்தன? அது ஏன் அழிந்தது?

க.

அன்புள்ள க.,

படங்களை நம்பாதீர்கள். இந்த விலங்கின் தோலோ உடலோ எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. நீங்கள் பார்ப்பது ஓவியரின் ஊகமாக இருக்கும், அல்லது அதன் உறவினமான மாலா என்ற செம்முயல் வாலபியின் படமாக இருக்கும்.

மண்டையோட்டை 1932இல் மைக்கேல் டெரி என்ற பயணி, ஃபேர்வெல் மலைக்கும் மக்காய் ஏரிக்கும் இடைப்பட்ட பாலையிலிருந்து கொண்டுவந்தார். 1943இல் பாலூட்டி ஆய்வாளர் ஃபின்லேசன் அதற்கு லகோர்கெஸ்டீஸ் அசோமாட்டஸ் என்று பெயரிட்டார். அசோமாட்டஸ் என்றால் 'உடலற்றது'. குறும்பான பெயர்தான்.

பாலூட்டிகளைப் பிரித்தறிய மண்டையும் பல்லும் பெரும்பாலும் போதும். கங்காரு வகைகளில் பால்பல் விழுந்து நிலையான முன்கடைவாய்ப்பல் வந்துவிட்டதா, கடைவாய்ப்பற்கள் எத்தனை முளைத்திருக்கின்றன என்று பார்த்தாலே வயது பிடிபடும். 'வேறு இனத்தின் குட்டியாக இருக்குமோ' என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் மயிரின் நிறம், வால், நடத்தை எதையும் மண்டையோடு சொல்லாது.

அதைச் சொன்னவர்கள் பாலைவனத்தின் பழங்குடி முதியவர்கள். 1980களில் பர்பிட்ஜ் என்ற ஆய்வாளரின் குழுவினர், அருங்காட்சியகத் தோல்களை எடுத்துப்போய்க் காட்டி அவர்களிடம் விசாரித்தார்கள். குலுவாரி என்றொரு விலங்கு: சாம்பல் நிறத்தில் நீண்ட மென்மயிர், மயிரடர்ந்த பாதம், குட்டையான தடித்த வால். தின்பது புல்லும் விதையும் பழமும். ஆள் நெருங்கினாலும் ஓடாத மந்தம், அடிப்பது சுலபம். மண்டையோடும் இந்தக் குலுவாரியும் ஒன்றே என்பது பொருத்திப் பார்த்து எடுத்த முடிவுதான். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது.

அழிவுக்கு நரி, பூனை, நெருப்பு மூன்றும் காரணம். ஆஸ்திரேலியாவில் அதிகம் அடிபட்டவை 35 கிராமிலிருந்து 5.5 கிலோ வரை எடையுள்ள பாலூட்டிகள். நரிக்கும் பூனைக்கும் வாகான இரை அவை. நெருப்பின் கதை கொஞ்சம் சிக்கலானது. பாலைவன மக்கள் நடந்துபோகும் வழியெல்லாம் ஸ்பினிஃபெக்ஸ் புல்லைத் துண்டு துண்டாகக் கொளுத்துவார்கள். புதிதாக எரிந்த இடத்தில் இளந்தளிர் வரும், அது தீனி. பக்கத்திலேயே எரியாத முதிர்ந்த புதர் நிற்கும், அது மறைவிடம். சின்ன விலங்குக்கு இரண்டும் ஒரே இரவில் போய்வரும் தூரத்தில் வேண்டும். அந்த மக்கள் பாலையை விட்டு நிலையான குடியிருப்புகளுக்குப் போனபின் புல் இடைவெளியின்றி வளர்ந்தது. கோடை மின்னல் ஒன்று விழுந்தால் தீ எங்கும் நிற்காமல் ஓடும். மறைவிடம் மொத்தமும் போய்விடும்.

மாலாவுக்கு நேர்ந்ததையே பாருங்கள். டனாமி பாலையில் மிஞ்சிய இரண்டு கூட்டங்களில் ஒன்றை 1987இல் நரி தின்று தீர்த்தது. மற்றதை 1991இல் காட்டுத்தீ முடித்தது. பிடித்து வளர்த்தவை இருந்ததால்தான் பெருநிலப்பரப்பின் மாலா தப்பியது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே நியூஹேவனில் 2018இல் 44 கிலோமீட்டர் வேலி போட்டு, உள்ளே இருந்த பூனைகளை வார்ல்பிரி பழங்குடித் தடம்பார்ப்பவர்களின் துணையோடு அகற்றி, பிறகே மாலாவை விட்டார்கள். இந்த மாதிரி வேலியின் மேல்விளிம்பு வெளிப்பக்கமாக வளைந்து தளர்வாக இருக்கும். ஏறும் பூனையின் எடைக்கு ஆடிச் சாய்ந்து அதைக் கீழே தள்ளிவிடும். அடியில் வலையைத் தரையோடு வெளிப்புறம் விரித்திருப்பார்கள். வேலியடியில் தோண்டத் தொடங்கும் நரிக்கு முதலில் வலைதான் தட்டுப்படும். பலவீனம் வாயிற்கதவுகளிலும், மழைவெள்ளம் மண்ணை அரிக்கும் இடங்களிலும். அதனால் வேலியைத் திரும்பத் திரும்பச் சுற்றிவந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.