சீனன்குடாத் தாங்கிகளும் நம் கருத்தும்: கேள்வி பதில்

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வெளிநாட்டுக் கொள்கையில் மக்கள் கருத்துக்கு என்ன இடம் என்று கேட்டு மாணவர்களும் ஊரவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ரீச்சர், சனம் எதிர்த்தால் அரசாங்கம் உண்மையிலேயே ஒப்பந்தத்தை மாற்றுமா? (உப்புவெளி, உயர்தர மாணவி)

மாற்றும், மகள். மாற்றியும் இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து நடத்த 2019இல் உடன்பாடு வந்தது. துறைமுகத் தொழிற்சங்கங்கள் வேலையை நிறுத்தப் போவதாகச் சொன்னதும் 2021 பெப்ரவரியில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. ஆனால் பக்கத்திலுள்ள மேற்கு முனையம் இந்திய நிறுவனத்துக்குத்தான் போனது. எதிர்ப்பு இந்தியாவை வெளியே அனுப்பவில்லை, வேறு முனையத்துக்கு நகர்த்தியது.

நம்மூர் எண்ணெய்த் தாங்கிகளையே பாருங்கள். சீனன்குடாவில் வெள்ளைக்காரர் காலத்துத் தாங்கிகள் 99 இருக்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 லங்கா ஐஓசிக்கு (இந்திய அரச எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனி), 24 நம்முடைய பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49. அந்த 51 ஏன் என்று யோசியுங்கள். வியாபாரக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், "தாங்கிகளை மீட்டோம்" என்று நாட்டுக்குச் சொல்ல அது தேவைப்பட்டது என்பதே என் எண்ணம். யாரோடு சேர்வது என்பதைக் கடனும் அயலும் முடிவு செய்கின்றன. எந்த வடிவத்தில் சேர்வது என்பதில்தான் மக்கள் கருத்து அதிகம் வேலை செய்கிறது.

இந்தியா ஏன் இந்தத் துறைமுகத்தில் இவ்வளவு கண்ணாக இருக்கிறது? (சீனன்குடா, தொழிலாளி)

தம்பி, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டதை நம் தாத்தாமார் சொல்லியிருப்பார்கள். இந்தத் துறைமுகம் யார் கையில் இருக்கிறது என்பது வங்காள விரிகுடா முழுவதையும் பாதிக்கும். அதனால்தான் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் திருகோணமலையைக் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள்.

கொரோனா காலத்தில் எங்கள் ஜனாஸாக்களை (இறந்த முஸ்லிம்களின் உடல்களை) எரித்தார்கள். நாங்கள் அழுதபோது கேட்காதவர்கள் பிறகு எப்படி மாறினார்கள்? (கிண்ணியா, ஒரு தாய்)

சகோதரி, இதை எழுதும்போது எனக்கும் மனம் கனக்கிறது. 2020 வசந்தத்தில் தொடங்கிய கட்டாய எரிப்பு ஏறக்குறைய ஒரு வருடம் நீடித்தது. அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அரசாங்கம் அசையவில்லை. 2021 பெப்ரவரி 23, 24இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். அந்த வாரமே அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அடுத்த மாதம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை மீதான தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு. இலங்கைக்கு முஸ்லிம் நாடுகளின் ஆதரவு தேவைப்பட்ட நேரம் அது. தீர்மானத்தை 22 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன, 14 வாக்களிக்கவில்லை. பாகிஸ்தான் இலங்கையின் பக்கம் நின்றது.

நாட்டின் பெயர் வெளியே கெடுகிறது என்ற பயம், உள்ளே இருந்த உங்கள் கண்ணீரை விட வேகமாக வேலை செய்தது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சொந்தக் குடிமக்களின் துயரத்தைப் பிறநாட்டுப் பிரதமர் வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது பெரிய அநியாயம். 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

தமிழ்நாட்டு மக்களின் கருத்து டெல்லியை அசைக்குமா? (நிலாவெளி)

சில நேரம். 2012இல் ஜெனீவாவில் இந்தியா இலங்கைக்கு எதிராக வாக்களித்தது, 2013இல் கொழும்பு பொதுநலவாய மாநாட்டுக்கு மன்மோகன் சிங் வரவில்லை. இரண்டிலும் தமிழ்நாட்டின் அழுத்தம் இருந்தது. 2014இல் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஒரு மாநிலத்தின் குரல், மத்தியில் ஆள்பவர்களுக்கு அதன் ஆசனங்கள் தேவைப்படும் வரைதான்.

சம்பூர் ஆட்களான நாங்களும் இந்த 'மக்கள் கருத்தில்' சேர்த்தியா, ரீச்சர்? (சம்பூர், விவசாயி)

அண்ணை, உங்கள் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2006இல் இடம்பெயர்ந்து, பல வருடம் முகாமில் இருந்து திரும்பி வந்தவர்கள் நீங்கள். 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்தை இந்தியாவும் இலங்கையும் பேசி முடித்தபோது உங்களிடம் யாரும் கேட்கவில்லை. வீதிப் போராட்டமும் உயர் நீதிமன்ற வழக்கும் வந்த பிறகு, 2016இல் அரசாங்கம் அதைக் கட்டப் போவதில்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பிலிருந்தபடியே தொடக்கி வைத்தார்கள். சூரிய மின்சாரம் நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் கொழும்பின் தொழிற்சங்கத்துக்குக் கிடைக்கும் காது சம்பூருக்குக் கிடைப்பதில்லை. கருத்து எல்லாரிடமும் இருக்கிறது, எண்ணப்படுவது அமைப்பாகத் திரண்டவர்களின் கருத்து மட்டும்.

சரி, செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத் தகவல் அதிகாரியிடம் தமிழிலேயே விண்ணப்பம் கொடுங்கள். ஒப்பந்தத்தைக் கேட்டால், வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்று மறுக்க அந்தச் சட்டத்திலேயே இடமுண்டு. ஆகவே நிலத்தைப் பற்றிக் கேளுங்கள்: எத்தனை ஏக்கர், யாருடைய காணி, எந்த மேய்ச்சல் தரை, என்ன நட்டஈடு. 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பார்களா மறுப்பார்களா என்ற முடிவையாவது சொல்லியாக வேண்டும். எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.