தூண்டில் வளைவும் கணினிக் கணக்கும்

வணக்கம். எங்கள் ஊர்க் கரை வருடா வருடம் அரிக்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் கல் சுவராகத் தூண்டில் வளைவு கட்டித் தரச் சொன்னால், "கணினி மாதிரி ஆய்வு முடியட்டும்" என்கிறார்கள். நாலு லாரி கல் கொட்ட கம்ப்யூட்டர் எதற்கு? இழுத்தடிக்கத்தானே?
ர., மரக்காணம்

அன்புள்ள ர.,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஆய்வை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நம் கிழக்குக் கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போகிறது, வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும், போன அளவுக்கு வராது. அதனால் குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை போகும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் அரித்தது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குச் சுவர் கட்டினார்கள், நகரத்துக் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல்தான் மிஞ்சியது, அரிப்பு அப்படியே வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவ ஊர்களைப் பிடித்தது. உங்கள் ஊரில் கல் கொட்டினால் உங்களுக்கு வடக்கே இருப்பவர்கள் என்ன ஆவார்கள்? கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுப் பார்க்கத்தான் கணினி மாதிரி, அதாவது நம் கடலைப் போலவே கணினிக்குள் போட்டுப் பார்க்கும் ஒரு கணக்கு.

அது மந்திரம் ஒன்றுமில்லை. கடலடி ஆழம், அலையின் உயரம், திசை எல்லாவற்றையும் அளந்து கொடுத்தால், கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் நீரும் மணலும் எப்படி நகரும் என்று கணக்குப் போடும். 1901இலிருந்து 2018க்குள் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியிருக்கிறது, இன்னும் ஏறும். அதே புயல் உயர்ந்த கடலில் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைப் பழைய அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்தில் 2011இல் ஹேக் நகருக்குத் தெற்கே 2 கோடி கன மீட்டருக்கு மேல் மணலைக் கரையில் கொட்டினார்கள், அலையும் காற்றும் அதை மெல்ல மெல்லப் பக்கத்துக் கரைகளுக்குக் கொண்டுபோகட்டும் என்று. அதன் பெயர் மணல் மோட்டார். முதலில் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள், சரி, அதோடு விடவில்லை. கொட்டிய பிறகும் வருடக்கணக்கில் கடலடியை அளந்து கணக்கோடு ஒப்பிட்டார்கள். எனக்கு அந்த நாட்டில் பிடித்தது இதுதான். இப்படிக் கணக்குப் போடும் அவர்களுடைய டெல்ஃப்ட்3டி மென்பொருளின் மூல நிரல் அதே 2011இலிருந்து எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, ஆகவே மென்பொருள் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. விடாமல் அளப்பதற்கு ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே அதிகாரிகளிடம் இதைக் கேளுங்கள்: கடலடியைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? மழைக்கு முன்பும் பின்பும் அளந்தீர்களா? மாதிரியின் எல்லை எங்கே முடிகிறது? மாவட்ட எல்லையிலோ புதுச்சேரி எல்லையிலோ முடிந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மணலுக்கு அந்தக் கோடு தெரியாது. ஆய்வு எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், அறிக்கையைத் தமிழில் கிராம சபையில் வைக்கச் சொல்லுங்கள். கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.