பிறந்த குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – குழந்தை நல மருத்துவர் பதில்

கேள்வி: நான் எட்டு மாதக் கர்ப்பிணி, இது எங்கள் முதல் குழந்தை. குழந்தை பிறந்ததும் வைட்டமின் கே ஊசி, கண்ணில் களிம்பு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, குதிகாலில் ரத்தம் எடுத்தல், காது பரிசோதனை ஆகியவற்றைச் செய்வதற்கு மருத்துவமனையில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். “நல்லபடியாகப் பிறக்கும் குழந்தையை முதல் நாளே எதற்குக் குத்த வேண்டும்? எல்லாவற்றையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்” என்கிறார் என் கணவர். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவும் தோன்றுகிறது. மறுத்து எழுதக் கையும் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கணவர் கேட்பதில் தவறில்லை. குழந்தையின் தோலில் ஊசி இறங்குமுன் ‘எதற்கு’ என்று கேட்பது பெற்றோரின் உரிமை. பொறுமையாகப் பதில் சொல்வது எங்கள் கடமை. என்னை உறுத்துவது ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்தான். ஒரே தாளில் அச்சாகியிருப்பதால் இவை ஒரே மூட்டை போலத் தெரிகின்றன. ஆனால் இவற்றில் சில, நோய் வராமல் காப்பவை. சில, நோய் இருக்கிறதா என்று பார்ப்பவை மட்டுமே. ஒன்றோ, தாயின் பரிசோதனை முடிவைப் பொறுத்துத் தேவையில்லாமலே போகக்கூடியது. ஆகவே ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்ப்போம்.

நான் விட்டுக்கொடுக்காத இடத்திலிருந்தே தொடங்குகிறேன். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே தேவை. ‘உறைதல்’ என்று பொருள்படும் சொல்லின் முதல் எழுத்தே அதன் பெயராயிற்று. தாய் எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு மிகக் குறைவாகவே செல்கிறது. மற்ற எல்லாவற்றிலும் நிறைவான தாய்ப்பாலில்கூட இந்த ஒரு சத்து போதாது. இதைத் தயாரிக்கும் பாக்டீரியாக்களும் பிறந்த குழந்தையின் குடலில் இன்னும் குடியேறியிருக்காது. எனவே சுகப்பிரசவத்தில் முழு மாதத்தில் பிறந்த குழந்தைக்கும் இந்தக் குறை உண்டு. இதனால் வரும் ரத்தக்கசிவு முதல் வாரத்தில் தொப்புளிலோ குடலிலோ தோன்றலாம். நான் அஞ்சுவது 2 முதல் 12 வாரங்களுக்குள் வருவதைத்தான். ஊசி போடாத குழந்தைகளில் லட்சத்துக்கு 4 முதல் 7 பேருக்கு இது வருகிறது. அரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தம் கசிவது மூளைக்குள். அதற்கு முன்னறிவிப்பாக விரல்நுனி அளவில் தோல் கன்றிய ஒரு நீலத் தடமோ, தொப்புள் துணியில் ஒரு சொட்டு ரத்தமோ தென்படலாம். பல வேளைகளில் அதுவும் இருப்பதில்லை.

இதைத் தடுக்கத் தொடையில் 1 மில்லிகிராம் அளவில் ஒரே ஓர் ஊசி போதும். இது புற்றுநோயை உண்டாக்கும் என்ற பயம், 1992-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் பயம் மட்டும் ஆயுள் கெட்டியாக உலவுகிறது. வாய்வழிச் சொட்டு மருந்தும் உண்டு. எனினும் அதைத் தவறாமல் பல தவணை கொடுக்க வேண்டும். பித்தநாளக் கோளாறு மறைந்திருக்கும் குழந்தைக்கு அது சரியாக உட்கிரகிக்கப்படாது. கசியும் ஆபத்து அதிகம் உள்ளதும் அந்தக் குழந்தைக்குத்தான். ஊசியே வேண்டாம் என்று உறுதியாக இருந்தால், ஒன்றுமே கொடுக்காமல் விடுவதைவிடச் சொட்டு மருந்தைப் பற்றிப் பிரசவத்துக்கு முன்பே பேசி முடிவுசெய்யுங்கள்.

கண் களிம்பு விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம் நான் பெரிதும் சாய்வேன். தாயிடமிருந்து தொற்றும் கொனோரியா என்னும் பால்வினை நோய் பல குழந்தைகளின் பார்வையைப் பறித்த காலத்தில், 1880-களில், ஜெர்மனியின் லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே வெள்ளி நைட்ரேட் சொட்டுகளால் அதைக் கட்டுப்படுத்தினார். களிம்பு அதன் வாரிசு. இன்று கர்ப்பிணியையே பரிசோதித்து, தொற்று இருந்தால் அவருக்குச் சிகிச்சை தர முடிகிறது. பிரிட்டனிலும் சுவீடனிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைப் போடுவதில்லை. கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமும் 2015-இல் பொதுவழக்கமாக இது வேண்டாம் என்றது. சில இடங்களில் சட்டமே இதைக் கட்டாயமாக்கியிருப்பதால், பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். போடாவிட்டால், கண் சிவந்து சீழ் வடியும்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு. கிருமி உங்களிடம் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. தடுப்பூசியும், கிருமியை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் 24 மணி நேரத்துக்குள் வேண்டும். பிறப்பின்போது தொற்றுக்குள்ளாகும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது நாள்பட்ட நோயாகிவிடுகிறது. பெரியவர்களிலோ அது 5 சதவீதத்துக்கும் குறைவு. கிருமி இல்லையென்றால் ஆபத்து மிகவும் குறைவு. ஆனாலும் பரிசோதனைக்குப் பின் தொற்று வந்திருக்கலாம். குழந்தையைத் தூக்குபவர்களில் ஒருவருக்குத் தெரியாமலே நோய் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் நாளிலேயே இதைப் பரிந்துரைப்பதால், போட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

குதிகால் பரிசோதனையில் குழந்தையின் உடலுக்குள் எதுவும் செலுத்தப்படுவதில்லை. குதிகாலை வெதுவெதுப்பாக்கி, அதன் பக்கவாட்டில் ஒரு குத்து, தடித்த அட்டையில் அச்சிட்ட வட்டங்களில் சில சொட்டு ரத்தம் ஊறும், அவ்வளவுதான். அந்த அட்டை காட்டிக்கொடுப்பவற்றுள் முக்கியமானது பிறவித் தைராய்டு குறைபாடு. ஏறத்தாழ 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கும். குழந்தை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருக்கும். அழாத குழந்தை என்று வீடே மெச்சும். அதற்குள் மூளை வளர்ச்சி பின்தங்கிவிடும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பது இங்கே பலிக்காது. அட்டையைப் பின்னர் என்ன செய்வார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று மட்டும் தாராளமாகக் கேளுங்கள். காது பரிசோதனையிலும், கையிலும் காலிலும் ஒளிக்கருவி கட்டி இதயக் கோளாற்றைத் தேடும் சோதனையிலும் ஊசியே கிடையாது.

உங்கள் கணவரின் மனத்தாங்கல், செய்வதைவிடச் செய்யும் அவசரத்தைப் பற்றியதாக இருக்கலாமோ என்று நினைக்கிறேன். அப்படியானால் கேட்டுப் பெற நிறைய இருக்கிறது. தொப்புள்கொடியைக் குறைந்தது ஒரு நிமிடம் கழித்து இறுக்கலாம். முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிவைக்கலாம். எடை பார்ப்பது காத்திருக்கும். வைட்டமின் கே ஊசியைக்கூட முதல் பால் குடித்து முடித்தபின், ஆறு மணி நேரத்துக்குள், போடலாம். மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போட்டால் குழந்தைக்கு வலியும் குறையும். இவற்றை இப்போதே எழுதிக் கொடுங்கள். வலி எடுத்தபின் யாரும் பேசும் நிலையில் இருக்க மாட்டீர்கள். குறைமாதத்தில் பிறந்தாலோ, ஆயுதம் போட்டு எடுக்க நேர்ந்தாலோ இந்த ஏற்பாடுகள் மாறும்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு மூன்று வாரம் ஆகிறது, தாய்ப்பால் மட்டுமே தருகிறேன். வைட்டமின் கே ஊசியை அப்போது மறுத்துவிட்டோம். இனிமேல் போட்டுப் பயன் உண்டா?

பதில்: உண்டு. தாமதமாக வரும் ரத்தக்கசிவின் காலம் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது; எனவே இன்றே மருத்துவரை அழைத்து, போடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மூக்கிலோ தொப்புளிலோ ரத்தம், காரணமில்லாமல் தோல் கன்றிய தடம், கறுத்த மலம், வெளிறிய முகம், ஓயாத வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, இவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண்களில் மஞ்சள் இன்னும் மாறாமல் இருந்தால், அது பித்தநாளக் கோளாற்றின் அடையாளமாக இருக்கலாம் என்பதால் அதையும் இன்றே சொல்லிவிடுங்கள்.