வாசகர் கேள்வி பதில்: பூட்டி வைத்தால் குடி நிற்குமா?

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் என் கணவர் பல ஆண்டுகளாக நாள்தோறும் சம்சு என்னும் மலிவான சாராயத்தைக் குடித்து வருகிறார். இப்போது தாமாகவே விட்டுவிட நினைக்கிறார். ஒரு வாரம் அறையில் வைத்துப் பூட்டினால் போதும் என்கிறார் மாமியார். சென்ற ஆண்டு இரண்டு நாள் குடிக்காமல் இருந்து, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, மறுபடியும் குடிக்கத் தொடங்கினார். அவமானம் கருதி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, பீடோங், கெடா, மலேசியா

பதில்: அன்புச் சகோதரி, அறையைப் பூட்ட வேண்டாம். மாமியார் மகன்மீதுள்ள பாசத்தால் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் மதுவின் மந்தத்தை ஈடுகட்டுவதற்காக இத்தனை ஆண்டுகள் மிகையாக இயங்கிப் பழகிய மூளை, மது திடீரென நின்ற பின்னும் அதே வேகத்தில் இயங்குவதால், சில மணி நேரத்தில் நடுக்கமும், முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பும், அடுத்த ஓரிரு நாள்களில் கடுமையான மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். சென்ற ஆண்டு அவர் நடுங்கியதை மனவுறுதிக் குறைவாக எண்ணாதீர்கள். அது இந்த ஆபத்தின் முன்னறிகுறி.

ஆகவே குடியை நிறுத்துவதற்கு முன்பே அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு என்ன நேர்ந்தது என அனைத்தையும் மறைக்காமல் கூறுங்கள். வலிப்பைத் தடுக்கும் மருந்தையும் வைட்டமின் பி1ஐயும் மருத்துவரே அளவறிந்து கொடுப்பார். மருத்துவமனையில் தங்க வேண்டுமா என்பதையும் அவரே முடிவு செய்வார். இடையில் வலிப்போ பிதற்றலோ கண்டால் உடனே 999ஐ அழையுங்கள். கோயிலில் நேர்ந்துகொள்வதை நான் தடுக்கவில்லை. அது மருத்துவத்தோடு சேர்ந்து நடக்கட்டும்.

அவமானம் என்றீர்கள். உங்கள் பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில்தான், 1947இல் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்ற தொண்டர் படை வேரூன்றியிருந்தது. குடியைத் தோட்டத்தின் பொதுக் கவலையாக எடுத்துக்கொண்ட மக்கள் வாழ்ந்த மண் அது. நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. ஊருக்கெல்லாம் சொல்லவும் வேண்டாம். கணவரின் சம்மதத்தோடு, அவர் மதிக்கும் அண்ணன், கோயில் தலைவர், உடன் வேலை செய்யும் ஒருவர் என இரண்டு மூன்று பேரிடம் சொன்னால் போதும். வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை நேரத்தில் ஒருவர் உடன் வரட்டும். உறவினர் வீட்டு விசேஷங்களில் அவரை யாரும் குடிக்க வற்புறுத்தாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். சம்பள நாளில் பணத்தை அவரே மனமுவந்து உங்களிடம் ஒப்படைக்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பறித்தால் பகைதான் மிஞ்சும். அவர் வேலைக்குப் போகாத நாளில் காய்ச்சல் என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் சொல்வதையும், சம்சுக் கடனை நீங்கள் அடைப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். இது உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கும் என்பதை அறிவேன்.

இடையில் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால் அன்றிரவு வாக்குவாதம் வேண்டாம். மறுநாள் காலையில், அது மீண்டும் அன்றாடப் பழக்கமாகிவிடுமுன், இருவரும் அதே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.