ஆஃப்டன் பூங்காவில் ஓர் இரவு: கரடியை விடுங்கள், உண்ணியைப் பாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வந்து நான்கு மாதங்களே ஆகியிருக்கும் நிலையில், அலுவலக நண்பர்கள் மே மாதக் கடைசியில் ஆஃப்டன் மாநிலப் பூங்காவில் முதுகுப்பையோடு நடந்து சென்று ஓரிரவு தங்க அழைத்திருப்பதாகவும், எந்தக் கூடாரம் வாங்கலாம், என்ன சாப்பாடு கொண்டுபோகலாம், கரடி வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாரம் வாங்க வேண்டாம்; அழைத்தவர்களில் யாரிடமாவது ஒன்று கூடுதலாக இருக்கும். சாப்பாட்டுக்குப் புளிசாதம் போதும். கருங்கரடிகள் பெரும்பாலும் மாநிலத்தின் வடக்குக் காடுகளில் இருப்பவை. ஆஃப்டனில் உங்கள் உணவுப் பையைத் தேடி வரக்கூடியது ரக்கூன் என்ற சிறு விலங்குதான் என்பதால், பையைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். நான் விரிவாக எழுத விரும்புவது, நீங்கள் கேட்காமல் விட்ட உண்ணியைப் பற்றி.

ஊரில் மாட்டின் காதுமடலிலும் மடியிலும் ஒட்டிக்கிடக்கும் உண்ணியை நாம் பார்த்திருக்கிறோம். அது மனிதனுக்கும் ஏறும் என்று நினைத்துப் பயந்ததில்லை. இங்கே மான் உண்ணி என்று சொல்லப்படுவது, இளம் பருவத்தில் ஒரு கசகசா விதை அளவே இருக்கும். அது பறக்காது, தாவாது. புல் நுனியில் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருந்து, உரசிச் செல்லும் காலைப் பற்றிக்கொள்ளும். காய்ச்சலையும் மூட்டுவலியையும் தரும் லைம் நோயைப் பரப்புவது இதுதான். மே முதல் ஜூலை வரை இதற்குக் கொண்டாட்டக் காலம். நீங்கள் போகவிருப்பதும் அப்போதுதான்.

2007ஆம் ஆண்டு மே மாதம் நானும் இதே ஆஃப்டனுக்கு, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போனேன். திரும்பி வந்த மறுநாள் குளிக்கும்போது முழங்காலின் பின்புறத்தில் புதிதாக ஒரு மச்சம் இருப்பதைக் கண்டு, இது எப்போது வந்தது என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். மச்சத்துக்குக் கால்கள் இருந்தன. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தபோது மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். அது கையில் இல்லாததால் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். இது முழுத் தவறு. எண்ணெய், தீக்குச்சி, நகப்பூச்சு ஆகிய எதையும் அதன்மேல் பிரயோகிக்கக் கூடாது. நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். நோய்க்கிருமி உடலுக்குள் இறங்க வழக்கமாக ஒரு நாளுக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றைக்கே கண்டுபிடித்து எடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பத்து நாள் கழித்து அங்கே லைம் நோயின் அடையாளமான ஒரு வட்டத் தடிப்பு படர்ந்தது. முதலில் பார்த்த மருத்துவர் அதைப் படர்தாமரை என்று சொல்லி ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பினார். அவரை நான் முழுமையாகக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைத் தோலில் சிவப்பு வளையமாகத் தெரிவதைத்தான் படங்களில் எல்லாரும் பார்த்துப் பழகியிருக்கிறார்கள், நம்முடைய தோலில் அது கன்றிப்போன காயத்தைப் போல மங்கலாகத்தான் தெரியும். காய்ச்சலும் மூட்டுவலியும் வந்த பிறகு வேறொரு மருத்துவர், காட்டுப் பக்கம் போனீர்களா என்று முதல் கேள்வியாகக் கேட்டார். டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையில் குணமானது. ஆகவே தடிப்போ காய்ச்சலோ வந்தால், புல்வெளியில் தங்கியதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

வெளிர்நிற முழுக்கால் சட்டையை அணிந்து, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்; அலுவலக நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் துணியில் மட்டும் முன்கூட்டியே தெளித்துக் காயவைக்க வேண்டும், தோலில் படக் கூடாது. பாதையின் நடுவில் நடங்கள். வீட்டுக்கு வந்ததும், துவைப்பதற்கு முன்பே, உடுத்தியிருந்த உலர்ந்த துணிகளை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் சுழலவிடுங்கள். துவைப்பதால் சாகாத உண்ணி அதில் செத்துவிடும்.

அடுத்தது தரையின் குளிர். அன்றைக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பளியை மேலே போர்த்திக்கொண்டு, கீழே ஒரு பருத்தி விரிப்போடு படுத்தேன். நள்ளிரவில் முதுகு விறைத்துவிட்டது. உடல் சூட்டைத் தரைதான் உறிஞ்சும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் பல் கிட்டும் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஹ்மாங் இனத்து நண்பர் எழுந்து வந்து, தன்னிடம் மிச்சமிருந்த நுரைப்பாயைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். அவருடைய பெற்றோர் லாவோஸிலிருந்து அகதிகளாக, மாநிலத் தலைநகரான செயின்ட் பாலுக்கு வந்தவர்கள். காலையில் அவர் வாழையிலையில் சுற்றிய ஒட்டும் அரிசிச் சோற்றைப் பிய்த்து என் கையில் வைத்தபோது, எனக்கு முன்பின் தெரியாத ஒரு வீட்டு விருந்தாளி ஆனதைப் போலிருந்தது. ஹ்மாங் மக்கள் வந்த புதிதிலேயே மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் இங்குள்ள காடுகளுக்குள் போய்விட்டார்கள். நம்மவர்களோ பதினைந்து வருடம் இருந்துவிட்டு, இங்கே குளிரைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். அப்படியே பூங்காவுக்குப் போனாலும் வண்டி நிறுத்துமிடத்தை விட்டு நகராமல் பிரியாணித் தட்டைத் திறந்து பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். இதில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, வீட்டின் பின்னால் வெட்டிய விறகைக் காரில் ஏற்றிக்கொண்டு வருவது. ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு 2009இல் செயின்ட் பாலில்தான் இந்த மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் விறகில்தான். பூங்காவில் விற்கும் விறகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று காலை ஓக் மரக்காட்டைத் தாண்டி மேட்டுப் புல்வெளிக்கு ஏறினோம். கீழே செயின்ட் க்ராய் ஆற்றின்மேல் மூடுபனி; அக்கரை விஸ்கான்சின். ஒரு காலத்தில் இந்த மாநிலத்தில் 1 கோடியே 80 லட்சம் ஏக்கர் இருந்த இப்படிப்பட்ட புல்வெளியில், இப்போது எஞ்சியிருப்பது 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும், நாங்கள் நின்ற இடமே பழைய உழவு நிலத்தில் விதைத்து மீட்டது என்றும் நண்பர் சொன்னார். மே மாதத்தில் முழங்கால் உயரத்துக்கு இருக்கும் புளூஸ்டெம் புல் ஆகஸ்டில் என் தலைக்கு மேல் வளர்ந்துவிடும். அதைப் பார்ப்பதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் போகிறேன். திரும்பி வந்தால் என் மனைவி கராஜ் கதவிலேயே நிறுத்தி, முழங்காலின் பின்புறத்தையும் காதுமடலையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் விடுகிறார்.