கேள்வி-பதில்: முதலாளிக்கு ஏன் போன் வருகிறது?

வெளியூர் போகும்போது பத்து செக்கில் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். சரிதானே? (கரூர்)

சரியில்லை. எத்தனை தடவைதான் எழுதுவது? செக் திரும்பினால் கேஸ் கையெழுத்துப் போட்டவர் மேல்தான். நெட் பேங்கிங்கில் மேனேஜர் பதிவு செய்ய, நீங்கள் இருந்த இடத்திலிருந்தே ஒப்புதல் கொடுக்கலாம். வங்கியில் கேளுங்கள். ஓடிபியைப் போனில் சொல்லும் வேலை வேண்டாம்.

இரண்டாவது கடைக்கு ஆள் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் எனக்கே போன் செய்கிறார். ஆளை மாற்றிவிடலாமா? (ஹார்டுவேர், ஈரோடு)

முதலில் உங்கள் போனைப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் நேராக உங்களைக் கூப்பிடுகிறார்கள்?

இதே மாதிரி ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி ஒருவர் 40 மூட்டை சிமெண்ட் கேட்டார். மேனேஜர் மூட்டைக்கு 5 ரூபாய் குறைத்தார். மேஸ்திரி அங்கே நின்றபடியே முதலாளிக்குப் போன் போட்டு, "அண்ணே, நம்ம கடைன்னு வந்தேன்" என்றார். 10 ரூபாய் குறைந்தது. முதலாளிக்குக் கூடுதலாகப் போனது 200 ரூபாய், அது கிடக்கட்டும். மேனேஜர் பில்லை அடித்துத் திருத்தும்போது தலை நிமிரவே இல்லை. இனி அவர் எதற்கு விலை சொல்வார்? உங்களைத்தான் கேட்பார்.

எழுதிக் கொடுங்கள்: தள்ளுபடி 3 சதவீதம் வரை, கடைச் செலவு 5,000 வரை, வாடிக்கையாளருக்குக் கடன் 25,000 வரை உங்களைக் கேட்க வேண்டாம் என்று. அவர் சொன்னது தப்பு விலையாக இருந்தாலும் அன்றைக்கு அதுதான் விலை. ராத்திரி கணக்குப் பார்க்கும்போது தனியாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் கூப்பிட்டால், "கடையில அவரையே கேளுங்க" என்று சொல்லி வையுங்கள். நாலு பேர் கோபித்துக்கொள்வார்கள், அப்புறம் திரும்பி வருவார்கள். மூன்று மாதம் இப்படி இருந்தும் போன் நிற்கவில்லையென்றால் ஆளை மாற்றுவதைப் பேசலாம்.

ஜிஎஸ்டியை முழுசாக ஆடிட்டரிடம் விட்டுவிட்டேன். இருந்தும் லேட் ஃபீஸ் வருகிறதே? (மதுரை)

பில்லை என்றைக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! மாதாமாதம் தாக்கல் என்றால் விற்பனைக் கணக்கு காட்டும் ஜிஎஸ்டிஆர்-1க்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி, வரி கட்டும் 3பிக்கு 20. பத்தாம் தேதி ராத்திரி வாட்ஸ்அப்பில் பில்லைக் கொட்டினால் அவர் என்ன செய்வார்? 5ஆம் தேதிக்குள் கொடுங்கள். நோட்டீஸ் ஆடிட்டர் பெயருக்கு வராது.

மச்சானைப் பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் இரண்டுக்கும் போடலாமா? (திருப்பூர்)

கூடாது. வாங்குவது ஒருவர், பணம் கொடுப்பது இன்னொருவர். மச்சான் என்றால் இன்னும் கண்டிப்பாக.

எத்தனை பேர் ஆனால் மேனேஜர் வேண்டும்? (ஊர் இல்லை)

என்ன தொழில் என்பதும் இல்லை. எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.