ஏழு பேரும் ஏறட்டும், அப்புறம் விலை பேசலாம்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் இருக்கிறோம். அப்பா, அம்மா, நான், மனைவி, ஆறு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன். சித்திரையில் இன்னொரு குழந்தை வரப்போகிறது. கையில் இருப்பது பழைய ஆல்டோ. அப்பாவின் ஆஸ்பத்திரிக்காகவும் தேயிலைத் தோட்ட வேலையாகவும் மாதம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம், கோவை என்று இறங்கி ஏறுகிறோம். எல்லாச் செலவும் சேர்த்து 12 லட்சத்துக்குள் ஏழு பேர் போகும் கார் வேண்டும். ஷோரூமில் டிரைபரே போதும் என்கிறார்கள். மைத்துனர் எர்டிகா என்கிறார். அப்பா பொலிரோவைத் தவிர எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. எதை வாங்கலாம்?

பதில்: முதலில் அப்பா. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டீசல் என்ஜின், பின்சக்கர இழுவை, தோட்டத்து மண்பாதையில் தயங்காமல் ஏறும். உரமூட்டையும் நாற்றும் ஏற்ற என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பொலிரோவின் கடைசி இருக்கைகள் பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும். கொண்டை ஊசி வளைவில் உங்கள் பெண் அங்கே உட்கார்ந்திருப்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வாந்தி ஒரு பக்கம் இருக்கட்டும், பிரேக் பிடித்தால் அவளைத் தாங்க எதிரில் ஒன்றும் இல்லை. அப்பாவிடம் பேத்தியைச் சொல்லியே பேசுங்கள், கேட்பார்.

டிரைபர் விலைக்கு நல்ல வண்டி. நான்கு மீட்டருக்குள் அடங்குவதால் ஜிஎஸ்டியும் 18 சதவீதம்தான். எர்டிகா நீளம் கூடியது, அதற்கு 40. விலை வித்தியாசத்தில் பாதி கதை இதுதான். மூன்றாவது வரிசையை அப்படியே கழற்றி வீட்டில் வைத்துவிடலாம் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் உங்களுக்கு அது கழற்றி வைக்கும் வரிசை இல்லை, மலை இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஆள் உட்காரும் வரிசை. ஏழு பேரும் ஏறினால் டிக்கியில் மிச்சம் 84 லிட்டர். டயப்பர் பையும் பள்ளிப் பையும் வைத்தால் தீர்ந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் மலை. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, என்ஜினுக்குள் போகும் ஆக்சிஜன் குறைகிறது. டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத பெட்ரோல் என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். டிரைபரின் ஒரு லிட்டர் என்ஜினுக்குச் சமவெளியிலேயே 72 குதிரைத்திறன்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வழியில் குஞ்சப்பனை தாண்டும்போது அதிலும் குறைந்திருக்கும், உள்ளேயோ ஏறத்தாழ முந்நூறு கிலோ மனிதர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஏழு சீட்டர் வாங்கினேன். டெஸ்ட் டிரைவ் கோவையில், தட்டையான ரோட்டில், நானும் விற்பனைப் பையனும் மட்டும். வெண்ணெய் போல ஓடியது. முதல் வாரமே வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன். ஒரு வளைவில் மேலிருந்து பஸ் வந்தது, நிறுத்தினேன். திரும்ப எடுக்கும்போது வண்டி பின்னால் நழுவியது. முதல் கியர், ஹாஃப் கிளட்ச், ஆக்சிலேட்டர். பின்னாலிருந்து அம்மா, "ஏதோ தீயுதுடா" என்றார். கிளட்ச்தான். வண்டி மேல் குற்றம் இல்லை, பார்க்காமல் வாங்கிய என் மேல்தான்.

ஆகவே உங்களுக்கு எர்டிகா பெட்ரோல். 1462 சிசி, 103 குதிரை. இதுவும் டர்போ இல்லை, மலையில் இதற்கும் குறையும். ஆனால் குறைந்த பிறகும் இழுக்க ஏதாவது மிஞ்சும். பெட்ரோல் செலவுக்குப் பயந்து சிஎன்ஜி எடுக்காதீர்கள், சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும். கியா கேரன்ஸ் டீசல் இன்னும் சுகமாக ஏறும், உங்கள் தொகைக்குள் வராது.

வாங்குவதற்கு முன் உட்காரும் கணக்கைப் போடுங்கள். இதைத்தான் யாரும் போடுவதில்லை. நடுவரிசையின் இரண்டு ஓரத்திலும் குழந்தை இருக்கையை மாட்டிவிட்டால் பின்வரிசைக்கு வழி அடைத்துவிடும். டிக்கி வழியாக ஏறும் குடும்பத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தை ஒரு ஓரம், பையன் நடுவில், நகர்ந்து மடங்கும் மறு ஓரத்தில் உங்கள் அம்மா, முன்னால் அப்பா, பின்னால் மனைவியும் பெண்ணும். பின்வரிசை சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் தூக்கிப் போடும், முழங்கால் வலிக்காரரை அங்கே அனுப்பக் கூடாது. இரண்டு குழந்தை இருக்கையும் அம்மாவும் அகலத்தில் அடங்குகிறார்களா? இருக்கைகளை ஷோரூமுக்கே எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்வார். வேண்டாம், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம்.

டெஸ்ட் டிரைவை மலையில் கேளுங்கள், ஏழு பேரோடு, ஏசி போட்டு. ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி எடுங்கள். ஹில் ஹோல்ட் இருந்தால் வண்டி ஓரிரு விநாடி நழுவாமல் நிற்கும். பின் கண்ணாடிக்கு வைப்பரும் பனி போக்கும் வசதியும் இருக்கிற மாடலாக எடுங்கள். நம் ஊர் மூடுபனியில் அலாய் வீலை விட அதுதான் உதவும்.

விலையில் ஒரு கோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள்கால வரி 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. 9.90 லட்சத்துக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.10 லட்சத்துக்கு 1.82 லட்சம். இருபதாயிரம் ரூபாய் கூடுதலான மாடலுக்காக ஐம்பதாயிரம் கூடுதல் வரி கட்ட வேண்டாம். இன்ஷூரன்ஸை அங்கேயே எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெளியே விலை கேட்டுக்கொண்டு போனால் அவர்களே குறைப்பார்கள்.

கேள்வி: கொடைக்கானலில் ஒருவர் பழைய இன்னோவா தருகிறார். எட்டு வருட வண்டி, ஒரே ஓனர். மலை வண்டியை நம்பி வாங்கலாமா?

பதில்: இன்னோவா மலைக்குச் சலிக்காத வண்டி. நான் பார்ப்பது வேறு: டாக்ஸியாக ஓடி அப்புறம் வெள்ளை போர்டுக்கு மாறியதா? ஆர்.சி.யின் பழைய விவரத்தைக் கேளுங்கள். கொடைக்கானலில் டாக்ஸி என்றால் சீசன் முழுக்க வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறி இறங்கியிருக்கும், கிலோமீட்டர் எண்ணை நம்ப முடியாது. ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கிளட்ச் பெடல் கடைசி நுனியில்தான் பிடிக்கிறது என்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா என்பதும் தெரிய வேண்டும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருந்தால், கடன் முடிந்ததற்கு வங்கி தரும் தடையில்லாச் சான்றை (என்.ஓ.சி.) கண்ணால் பார்க்கும்வரை அட்வான்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.